மளிகைக் கடையிலிருந்து மன்றத்துக்கு

1968இல் புதுச்சேரியில் நகராட்சித் தேர்தல் நடந்தபோது எனக்கு ஓட்டு இல்லை. வயது 17. அந்தக் காலத்தில் ஓட்டுப் போட 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனாலும் அந்தத் தேர்தல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காரணம், எங்கள் தெரு முனையில் மளிகைக் கடை வைத்திருந்தவர் அதில் நின்றார்.

பெரிய கடை அல்ல. முன்பக்கம் நாலு பலகை. காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாகச் சாத்தி வைப்பார். உள்ளே கல்லாப் பெட்டி, தராசு, மேலே தொங்கும் சணல் உருண்டை. பழைய செய்தித்தாளில் பருப்பைக் கொட்டி, ஒரு சுற்று சுற்றி, சணலை இழுத்துக் கட்டி அறுப்பார். தெருப்பிள்ளைகள் எல்லோரும் அவரை 'மாமா' என்போம். சாமான் வாங்கப் போகும் பிள்ளைகளின் கையில் ஒரு சிட்டிகை பொட்டுக்கடலை வைப்பார். அதற்காகவே நான் அம்மாவிடம் ஏதாவது வாங்கி வர வேண்டுமா என்று கேட்டதுண்டு.

அவரிடம் ஒரு பற்று நோட்டு இருந்தது. நீளவாக்கில் மடங்கும், சிவப்புத் துணி அட்டை போட்ட நோட்டு. யார் வீட்டுக்கு எவ்வளவு கடன் என்று அதில் இருக்கும். மாதம் பிறந்து சம்பளம் வந்ததும் கணக்கைத் தீர்ப்போம். அவர் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுப்பார். தேர்தலில் ஜெயித்து உறுப்பினர் ஆன பிறகு அதே நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி எழுத ஆரம்பித்தார். வாய்க்கால் அடைப்பு, குப்பை அள்ளவில்லை, பிறப்புச் சான்று கிடைக்கவில்லை என்று ஜனங்கள் சொல்வதையெல்லாம் குறித்து வைப்பார். வேலை முடிந்தால் அதன் மேலும் ஒரு கோடு. முன்பக்கம் ஊர் அவருக்குத் தர வேண்டியது. பின்பக்கம் அவர் ஊருக்குத் தர வேண்டியது.

கடைக்காரர் ஒருவர் ஊராட்சி வேலைக்குப் போவது உலகம் முழுவதும் நடப்பதுதான். என் வயதில் இருக்கும் வாசகர்களுக்கு இப்படி ஒருவரையாவது தெரிந்திருக்கும். பிற்காலத்தில் நான் படித்த இரண்டு கடைக்காரர்களின் கதையை இன்று சொல்லலாம் என்று தோன்றியது. ஒருவர் ஆங்கிலேயர், மற்றவர் பிரெஞ்சுக்காரர். இருவரும் தங்கள் ஊர் நகரசபைக்குப் போனவர்கள். போன பிறகு நடந்தது மட்டும் நேர் எதிர்.

*

முதலாமவர் பெயர் ஆல்பிரட் ராபர்ட்ஸ். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், லிங்கன்ஷயரில் உள்ள கிராந்தம் என்ற ஊர்க்காரர். பெயரைச் சொன்னால் தெரியாது. மகளின் பெயரைச் சொன்னால் தெரியும். மார்கரெட் தாட்சர்.

ராபர்ட்ஸ் 1892இல் செருப்புத் தைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியராக வேண்டும் என்று ஆசை. வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. 13 வயதில் படிப்பு நின்றது. மளிகைக் கடைகளில் வேலை பார்த்தார். பணம் சேர்த்து 1919இல் கிராந்தமில் நார்த் பரேடு என்ற இடத்தில் சொந்தக் கடை வாங்கினார். கீழே கடை, மாடியில் குடித்தனம். கடைக்குள்ளேயே ஒரு கிளைத் தபால் நிலையமும் இருந்தது. அதனால் பருப்பு, சர்க்கரை வாங்குகிறவர்கள் மட்டுமல்ல, ஓய்வூதியம் வாங்கும் கிழவர்களும் அந்தக் கல்லாவின் முன்தான் வந்து நிற்பார்கள். பிற்பாடு இன்னொரு கடையும் வாங்கினார். மகள்கள் இருவரும் கடைக்கு மேலேதான் வளர்ந்தார்கள். அந்த வீட்டில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வராது, கழிவறை வெளியே.

1927இல் அவர் நகரசபை உறுப்பினர் ஆனார். எந்தக் கட்சியின் பெயரிலும் நிற்கவில்லை, சுயேச்சை. ஊர் வணிகர்களின் ஆதரவு இருந்தது. போன சில ஆண்டுகளில் நிதிக் குழுவின் தலைவராகி, வெகுகாலம் அந்த இடத்திலேயே இருந்தார்.

நிதிக் குழு என்பது எந்த நகரசபையிலும் மாலை போடும் இடம் அல்ல. பாலம் திறக்கும் படம் பத்திரிகையில் வரும். பாலத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கூட்டிக் கழித்தவரின் படம் வராது. ஒவ்வொரு வருடமும் வீட்டுவரி எவ்வளவு போடுவது, எந்தச் செலவை அடுத்த வருடத்துக்குத் தள்ளுவது, கடன் வாங்கினால் வட்டி கட்ட முடியுமா என்று அங்கேதான் தீர்மானிப்பார்கள். மளிகைக் கடைக்காரருக்கு இது பழகிய வேலை. சரக்கு வந்த விலை, விற்கும் விலை, எலி தின்றது, கடன் நின்றது எல்லாம் போக மாதக் கடைசியில் என்ன மிஞ்சும் என்று பார்க்கிற கண்தான் அங்கேயும் வேண்டும்.

அந்தக் கண்ணுக்கு ஒரு குறையும் உண்டு. கடைக்காரருக்கு வரி என்பது முதலில் ஒரு செலவு. அந்த வரியால் வரும் நூலகமும் சாக்கடையும் அதற்குப் பிறகுதான் கண்ணில் படும். சிக்கனம் எங்கே நல்லது, எங்கே ஊருக்குக் கெடுதல் என்று பிரித்துப் பார்க்க மன்றத்தில் வேறு தொழில்காரர்களும் இருக்க வேண்டும். இரயில்வேத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் ஆசிரியரும் கடைக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

யுத்த காலத்தில் கிராந்தமில் குண்டு விழுந்தது. அங்கே ஆயுதத் தொழிற்சாலை இருந்ததே காரணம். 1940 தொடக்கத்தில் உணவுப் பங்கீடு வந்தது. அந்நாட்டு முறைப்படி ஒவ்வொரு குடும்பமும் ஒரு குறிப்பிட்ட கடையில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். நம் ரேஷன் கார்டு போல. அப்போது மளிகைக்காரருக்குத் தெரியாத வீடு ஏது? யார் வீட்டில் எத்தனை பேர், யார் யுத்தத்துக்குப் போனார்கள் என்று எல்லாம் கல்லாவில் தெரிந்துவிடும். 1943இல் ராபர்ட்ஸை ஆல்டர்மன் ஆக்கினார்கள். ஆல்டர்மன் என்றால் ஜனங்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு வருபவர் அல்ல. உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் மூத்த உறுப்பினர், பதவிக் காலம் ஆறு ஆண்டு. 1945-46இல் ஊருக்கு மேயராகவும் இருந்தார்.

1952இல் மன்றத்தில் தொழிற்கட்சியிடம் பெரும்பான்மை இருந்தது. ஆல்டர்மன் இடத்துக்குத் தங்கள் ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். 25 ஆண்டுகள் மன்றத்தில் இருந்த மளிகைக்காரர் வெளியே போனார். சட்டப்படி அதில் தவறு ஒன்றும் இல்லை. பெரும்பான்மை அவர்களிடம் இருந்தது. ஆனால் அது குடும்பத்துக்கு ஆறாத காயம். 1985இல், நாட்டின் பிரதமராக இருந்த மகள், ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அப்பாவைப் பதவியிலிருந்து இறக்கிய அந்த நாளைப் பற்றிப் பேசும்போது அழுதுவிட்டார். இரும்புப் பெண்மணி என்று பெயர் வாங்கியவர், 33 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நகரசபைக் கூட்டத்துக்காகக் கண்ணீர் விட்டார்.

ராபர்ட்ஸ் 1970 பிப்ரவரியில் காலமானார். அதே வருடம் ஜூன் மாதம்தான் மகள் முதன்முதலாகக் கேபினட் அமைச்சரானார். அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா வருடா வருடம் உட்கார்ந்து கணக்குப் போட்ட அந்த வீட்டுவரியை, மகளின் அரசுதான் எடுத்துவிட்டு, தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரியைக் கொண்டு வந்தது. ஸ்காட்லாந்தில் 1989இல், இங்கிலாந்திலும் வேல்சிலும் 1990இல். மாளிகையில் இருப்பவருக்கும் குடிசையில் இருப்பவருக்கும் ஏறக்குறைய ஒரே வரி. 1990 மார்ச்சில் லண்டனில் கலவரம். நவம்பரில் தாட்சர் பதவி விலகினார். விலகலுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும், தெருவில் எந்த வீடு எவ்வளவு தாங்கும் என்று அறிந்த மளிகைக்காரர் அந்த வரியைப் போட்டிருப்பாரா என்று நான் யோசித்ததுண்டு.

*

இரண்டாமவரை எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். மனிதராக அல்ல, ஒரு வார்த்தையாக.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. ஒருமுறை வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கூச்சல் போட்டபோது எங்கள் ஆசிரியர் எங்களைப் 'பூஜாதிஸ்த்' என்று திட்டினார். அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். சொந்த லாபத்தைத் தாண்டி எதையும் பார்க்காமல் கத்துகிறவர்கள் என்ற அளவில் எனக்குப் புரிந்தது. அது ஒரு கடைக்காரரின் பெயரிலிருந்து பிறந்த சொல் என்பது பிறகுதான் தெரிந்தது.

பியேர் பூஜாத் தென்மேற்குப் பிரான்சில் லோத் மாவட்டத்திலுள்ள சேன் செரே என்ற சிற்றூரில் 1920இல் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. யுத்த காலத்தில் ஸ்பெயின் வழியாகத் தப்பி அல்ஜீரியா போய் விமானப் படையில் சேர்ந்தார். யுத்தம் முடிந்ததும் ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் விற்றார். பிறகு சொந்த ஊரிலேயே ஒரு சின்னப் புத்தக, எழுதுபொருள் கடை வைத்தார். நோட்டு, பென்சில், மை, காகிதம். நம் ஊரில் பள்ளிக்கூட வாசலில் இருக்குமே, அந்த மாதிரிக் கடை.

1953இல் அவர் ஊர் நகரசபை உறுப்பினர் ஆனார். ஆகிச் சில மாதங்கள்தான். ஜூலை மாதம் ஒரு நாள் அதே மன்றத்தின் இன்னொரு உறுப்பினர் அவரிடம் வந்தார். தொழிலால் கொல்லர், கட்சியால் கம்யூனிஸ்ட். 'நாளைக்கு நம் ஊர்க் கடைகளில் வரி அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள்' என்று செய்தி. பூஜாத் கடைக்காரர்களைத் திரட்டினார். மறுநாள் அதிகாரிகள் வந்தபோது ஒரு கடைக்குள்ளும் நுழைய முடியவில்லை, திரும்பிப் போனார்கள்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. யுத்தம் முடிந்த புதிதில் சாமானுக்குத் தட்டுப்பாடு; எதை வைத்தாலும் விற்கும், விலையும் ஏறிக்கொண்டே இருக்கும். 1952 வாக்கில் விலையேற்றம் நின்றது. தட்டுப்பாடு தீர்ந்தது. கிராமத்துச் சனம் நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. நகரங்களில் பெரிய கடைகள் வந்துவிட்டன. தென்மேற்கின் சிற்றூர்க் கடைக்காரருக்கு வாடிக்கை குறைந்த நேரத்தில்தான் அரசு வரிக் கணக்கை இறுக்கிப் பிடித்தது. சம்பளக்காரரைப் போலக் கடைக்காரருக்கு எழுதி வைத்த வருமானம் கிடையாது. அதிகாரி கல்லாவைத் திறந்து பார்த்து, 'உனக்கு இவ்வளவு வந்திருக்கும்' என்று சொன்னால் அதுதான் கணக்கு. வயிற்றெரிச்சல் வராமல் இருக்குமா?

அந்த ஒரு நாள் வெற்றியிலிருந்து ஓர் இயக்கம் பிறந்தது. 1953 முடிவதற்குள் கடைக்காரர்களுக்கும் கைவினைஞர்களுக்குமான சங்கம் தொடங்கிவிட்டார். கார் எடுத்துக்கொண்டு மாவட்டம் மாவட்டமாகப் போனார். நல்ல பேச்சாளர், மேடையில் கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை மடித்துவிட்டுப் பேசுவார். 1955 ஜனவரியில் பாரிசில் நடந்த கூட்டத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். 1956 ஜனவரி பொதுத் தேர்தலில் அவர் கட்சிக்கு ஏறக்குறைய 25 லட்சம் ஓட்டு. 50க்கு மேற்பட்டவர்கள் நாடாளுமன்றம் போனார்கள். அவர்களில் ஒருவர் 27 வயது ழான் மரி லெ பென். பிற்காலத்தில் பிரான்சின் தீவிர வலதுசாரித் தலைவர்.

போனவர்கள் என்ன செய்தார்கள்? சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. தேர்தல் முறை மீறல் என்று சிலருடைய இடங்களைச் சபையே பறித்தது. மற்றவர்கள் தங்களுக்குள் சண்டையிட்டுப் பிரிந்தார்கள். 1957 தொடக்கத்தில் பாரிசில் ஓர் இடைத்தேர்தலில் பூஜாத் தானே நின்று மோசமாகத் தோற்றார். 1958இல் தெகோல் வந்ததும் இயக்கம் காணாமல் போனது. இரண்டரை வருடத்தில் எல்லாம் முடிந்தது. அவர் 2003 வரை உயிரோடு இருந்தார். அந்த வார்த்தை மட்டும் அகராதியில் இன்னும் இருக்கிறது.

எங்கள் ஊருக்கும் இந்தக் கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு. பூஜாத் மேடைக்கு மேடை வசைபாடிய பிரதமர் பியேர் மாந்தேஸ் பிரான்ஸ். கடைக்காரர்களின் வரிப் பிரச்சினையில் ஆரம்பித்து, அவர் யூதர் என்பது வரை இழுத்துப் பேசினார்கள். நியாயமான கோபம் ஒன்று எந்தச் சாக்கடைக்குள் இறங்கும் என்பதற்கு இது உதாரணம். அந்த மாந்தேஸ் பிரான்சின் ஆட்சியில்தான் 1954 ஜூலையில் இந்தோசீன யுத்தம் முடிவுக்கு வந்தது; நம் ஊர்ச் சொல்தாக்கள் வீடு திரும்பினார்கள். அதே ஆட்சியில்தான் 1954 அக்டோபர் 21இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, நவம்பர் 1இல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அங்கே ஒரு கடைக்காரர் அவரைத் தூற்றிக்கொண்டிருந்த வேளையில் இங்கே நாம் கொடி மாற்றிக்கொண்டிருந்தோம்.

*

ராபர்ட்ஸும் கடைக்காரர், பூஜாத்தும் கடைக்காரர். இருவரும் கையில் தொழிலையும் மனதில் ஊரையும் வைத்துக்கொண்டுதான் மன்றத்துக்குப் போனார்கள். முதலாமவர் கடையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்துப் போனார். இரண்டாமவர் கடையின் கோபத்தை எடுத்துப் போனார். கோபம் சீக்கிரம் பெரிய இடத்துக்குக் கொண்டுபோய்விடும். அங்கே போன பிறகு செய்ய வேலை தெரியாது. நோட்டு 25 வருடம் ஒரே ஊரில் உட்கார வைக்கும். போகும்போது நன்றிகூடக் கிடைக்காமல் போகலாம்.

பூஜாத் சேன் செரே மன்றத்திலேயே இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வரியை எதிர்த்தவரே, பள்ளிக்கூடத்துக் கூரைக்கும் சாலைக்கும் பணம் தேடி, அடுத்த வருட வரியைத் தீர்மானிக்கும் மேசையில் உட்கார வேண்டி வந்திருக்கும். அந்த மேசைதான் மனிதனைப் பழக்குகிறது. ஊராட்சி என்ற படி இருப்பதன் பயன் அதுதான் என்று எனக்குப் படுகிறது. கடைக்காரரையும் கொல்லரையும் ஆசிரியரையும் அது பழக்கும். பழகாதவரை அடையாளமும் காட்டிவிடும்.

நம் ஊரில் அந்தப் படி பழையது. 1880 மார்ச்சில் பிரெஞ்சு அரசின் ஆணைப்படி இங்கே கொம்யூன்களும் நகராட்சி மன்றங்களும் வந்தன. உறுப்பினர்கள் கூடி மேரைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் அந்த மேரியில்தான் பதிவு. குறைகள் நிறைய உண்டு. தேர்தல் நாளில் அடிதடி நடந்த கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடி நம் தலைவிதியைத் தீர்மானித்தது யார்? பிரதிநிதி சபை உறுப்பினர்களும் கொம்யூன்களின் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு நாட்டோடு இன்னொரு நாடு பேசிய விஷயத்தில், கடைசிச் சொல்லைச் சொன்னவர்களில் ஊர் வாய்க்காலையும் குப்பையையும் பார்த்துக்கொண்டிருந்த உறுப்பினர்களும் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 1968இல் தேர்தல். அடுத்த தேர்தல் 2006இல். நடுவில் 38 ஆண்டுகள். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை நகராட்சித் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்த பிறகும் 13 ஆண்டுகள். 2006இல் வந்தவர்களின் காலம் 2011இல் முடிந்தது. பத்து வருடம் கழித்து 2021இல் தேர்தல் அறிவித்தார்கள். வழக்கு வந்தது, நின்றது.

*

எங்கள் மாமா விஷயத்துக்கு வருகிறேன்.

உறுப்பினர் பதவி அவர் கடைக்கு நல்லது செய்யவில்லை. 'உனக்குத்தானே ஓட்டுப் போட்டோம்' என்று சிலர் பற்றைத் தீர்க்காமல் இழுத்தடித்தார்கள். கேட்டால் ஓட்டுப் போகும். கேட்காவிட்டால் முதல் போகும். வாய்க்காலின் மேல் கடைக்காரர்கள் போட்டிருந்த கற்பலகைகளை எடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, முதலில் தன் கடைப் பலகையைப் பெயர்த்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. வார்டு உறுப்பினர் என்றால் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. காலை ஆறு மணிக்குப் பலகையைக் கழற்றினால் எதிரே ஆள் நிற்கும்.

மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் வரவில்லை. அதிகாரிகளின் நிர்வாகம் வந்தது. ஜனங்கள் பழக்கத்தில் கடைக்கே வந்து சொன்னார்கள். 'இப்ப நம்ம கையில ஒண்ணும் இல்லப்பா, ஆபீசுல எழுதிக் குடுங்க' என்பார். அப்படி எழுதிக் கொடுக்கிற ஆபீஸ் ஒன்றில்தான் அப்போது நான் குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்பது இங்கே வேண்டாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். உறுப்பினர்கள் இல்லாத காலம் எங்களுக்கு வசதியாக இருந்தது. மேலதிகாரி கேட்டால் பதில் சொன்னால் போதும். தெருவிலிருந்து வந்து மேசையைத் தட்டி, 'போன மாசம் குடுத்த மனு எங்கே?' என்று உரிமையோடு கேட்க ஆள் இல்லை. மனுக்காரர் கெஞ்சுவார், உறுப்பினர் கேட்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் மாமாவே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வரிசையில் நின்றுதான் வந்தார். நான்தான் எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியாது. தெரு வாய்க்கால் அடைத்துக்கொண்டு மழைத் தண்ணீர் வீடுகளுக்குள் வருகிறது, வார ஆள் அனுப்ப வேண்டும் என்று மனு.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. 'தம்பி, நீயா!' என்றார்.

'குடுங்க மாமா, பார்க்கிறேன்' என்று வாங்கி வைத்தேன். அடுத்த வாரம் வந்தார். கோப்பு மேலே போயிருக்கிறது என்றேன். போகவில்லை, என் இழுப்பறையில்தான் இருந்தது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு வேறு வேலை, அவ்வளவுதான். மூன்றாவது முறை வந்தபோது, 'நாளைக்கு வாங்க மாமா' என்றேன். அவர் கோபப்படவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் இதே வாய்க்காலுக்காக இதே மாதிரி மேசையைத் தட்டியிருப்பார். இப்போது தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். அன்று சாயங்காலமே கோப்பை எழுதி அனுப்பினேன். ஆள் போக மேலும் சில வாரங்கள் ஆயின.

நான்காவது முறையும் வந்தார். எதற்கு என்று பயந்தேன். சட்டைக்குள்ளிருந்து அந்தச் சிவப்பு அட்டை நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். மனுக் கொடுத்த தேதி, வந்து போன மூன்று தேதிகள் எல்லாம் எழுதியிருந்தன. அதன் மேல் ஒரு கோடு.

'வாய்க்கால் வாரியாச்சு தம்பி. நோட்டுல அடிச்சுட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்' என்றார்.

நன்றி சொல்ல வந்தாரா, கணக்குக் காட்ட வந்தாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் எழுந்து நின்றேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

கடற்கரைச் சாலையிலிருந்த பழைய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அந்தச் செய்தி கேட்டு வருந்தாத புதுச்சேரிக்காரர் இல்லை. பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டிவிட்டார்கள். சாயங்காலம் நடக்கப் போகும்போது பார்க்கிறேன்; அழகாகத்தான் இருக்கிறது. நண்பர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார்கள். எனக்கு அந்த வாசலைப் பார்த்தால் தோன்றுவது ஒன்றுதான்: இப்போதும் ஏதோ ஒரு தெருவில், பற்று நோட்டின் பின்பக்கம் காலியாக வைத்திருக்கிற கடைக்காரர் ஒருவர் இருப்பார். அவர் உள்ளே வருவதற்கு ஒரு தேர்தல் நடக்க வேண்டும்.

உங்கள் தெருவில் 1968இல் உறுப்பினராக இருந்தவர் யார், என்ன தொழில் செய்தார் என்று நினைவிருந்தால் எழுதுங்கள். நம் வயதுக்காரர்கள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?